இடப்பக்கச் சன்னல்

பயணம் போகிறவர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், வெயிலில் கறுத்துத் திரும்பி வருவார்கள், அத்தோடு சரி. இங்கே சொல்ல வந்தது பயணம் போடுகிறவர்களைப் பற்றி. இவர்கள் போக மாட்டார்கள், போடுவார்கள். ரயில் நேரம் இவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த ஊர் நிலையத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நிழல், எந்தக் கோயில் எந்தக் கிழமை பூட்டியிருக்கும், எந்தப் பெட்டியில் குளிர்சாதனம் ஒழுகும் என்பதெல்லாம் விரல் நுனியில். கால் நுனியில் மட்டும் ஒன்றும் இருக்காது.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. "நாளைக்குப் பக்கத்து ஊருக்கு ஒரு நடை போயிட்டு வரலாம்னு இருக்கோம்" என்று அவர்கள் காதில் விழும்படிச் சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்லப்போகும் டாக்டரைப் போல உங்களைப் பார்ப்பார்கள். "போகலாம்" என்பார்கள். ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா, அப்படிப் போகக் கூடாது" என்பார்கள்.

அந்த இனத்தின் தலைமகன் ஸ்பெயினின் தென்கரையில், மாலகா நகரத்தில் வாழ்கிறார். பெயர் எவாரிஸ்தோ. துறைமுக அலுவலகத்தில், எங்கெங்கோ போகிற கப்பல்களுக்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, தான் மட்டும் நாற்காலியை விட்டு நகராமலே ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய அலுவலகம் குர்ரோவின் காப்பிக்கடை. ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், வாசலோரத்து மேசை. மாலகாவில் காப்பியைப் பால் கலக்கும் அளவை வைத்துப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எவாரிஸ்தோவுக்கு எப்போதும் 'நிழல்'. அதாவது பாலின் மேல் காப்பியின் நிழல் விழுந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார்.

வாடிக்கையாளர்களுக்குப் பஞ்சமா? பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் ஜெர்மன்காரர்கள், முழங்கால் சிவந்த ஆங்கிலேயக் கிழவர்கள், மாட்ரிட்டிலிருந்து வந்து கடலைப் பார்த்து அலுத்துப்போன தம்பதிகள், எல்லோருக்கும் இலவசமாகத் திட்டம் போட்டுக் கொடுப்பார். காலையில் கொர்தோபா, மசூதியைப் பார்த்துவிட்டு இந்தத் தெரு வழியாக இறங்கி, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வண்டி ஏறி, பொழுது சாய மாலகா. அவர்களும் அப்படியே போய், அப்படியே வந்து, மறுநாள் அவர் தோளைத் தட்டி நன்றி சொல்வார்கள். "நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும் எவாரிஸ்தோ காப்பியைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். மாலகாவில் இன்னொரு காப்பிக்கும் பெயர் உண்டு, 'எனக்கு வேண்டாம்'. அது வெறும் டம்ளர். அண்ணன் போகிற பயணமெல்லாம் அந்த ரகம் என்பது குர்ரோவின் கட்சி.

ஏன் போகவில்லை என்கிறீர்களா? எப்படிப் போவது? ஜனவரியில் கிரானாதாவில் பனி. பிப்ரவரியில் காதிஸில் கூத்து, நிற்க இடம் கிடைக்காது. அடுத்துப் புனித வாரம், சிலைகள் தெருவை அடைத்துக்கொள்ளும். அது முடிந்தால் செவியாவில் திருவிழா. மே மாதம் கொர்தோபாவின் முற்றங்களில் பூப்போட்டி, பூவைவிட ஆள் அதிகம். ஆகஸ்டில் கொர்தோபாவுக்குப் போகிறேன் என்பவனை வீட்டார் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். செப்டம்பரில் ஊருக்கு ஊர் புனிதர் பெயரில் விடுமுறை. திங்களன்று அருங்காட்சியகம் பூட்டு, ஞாயிறன்று கடை பூட்டு, மற்ற நாட்களில் மதியத்துக்கு மேல் ஊரே தூக்கம். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நிற்பவரை, கடற்கரை ஊர்க்காரர்களே பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி மிலாக்ரோஸ்.

ஓய்வு பெற்ற அன்று எவாரிஸ்தோ மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: இனி வியாழக்கிழமைதோறும் ஓர் ஊர். வியாழக்கிழமைகள் தம் பாட்டுக்கு வந்து போயின. மிலாக்ரோஸ் அந்த நாட்களில் மீன் சந்தைக்குப் போய் வந்தார். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ரோந்தாவிலிருந்து அவருடைய அக்கா என்கார்னா தொலைபேசியில் கூப்பிட்டார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவர். மகன் அவரை வடக்கே பில்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், வீடு விற்றாகிவிட்டது, நவம்பர் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒருநாள் வா, இந்த அடுப்பில் கடைசியாக ஒருமுறை உனக்குக் காளைவால் குழம்பு வைத்துத் தருகிறேன் என்றார்.

ரோந்தா மலைமேல் இருக்கிறது. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். மிலாக்ரோஸ் கணவரிடம் கேட்டது இவ்வளவுதான்:

"ஒரு நாள் முழுக்க அக்காவோட அடுப்படியில உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எவாரிஸ்தோவின் முகம் மலர்ந்தது. "ரோந்தாவா? போகலாம்" என்றார். மிச்சத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை பள்ளத்தாக்கு. வழியில் ஓரிடத்தில் தண்டவாளம் மலையிடுக்கில் புகுந்து, சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில், கீழே ஆறு தெரிகிறபடி ஓடும். அதை இடப்பக்கச் சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து ரோந்தாவுக்குப் போவது, எவாரிஸ்தோவின் கருத்தில், போகாமல் இருப்பதற்குச் சமம். முதல் வாரம் இடப்பக்கம் இடமில்லை. அடுத்த வாரம் மழை, ஆறு கலங்கியிருக்கும். அதற்கடுத்த வாரம் வேலைநிறுத்தம் வரலாம் என்று ஒரு பேச்சு. வரவில்லை, ஆனால் வந்திருந்தால்?

"அப்பனே, பள்ளத்தாக்கு அங்கயேதான் இருக்கும். அக்கா இருக்க மாட்டா" என்று மிலாக்ரோஸ் சொன்ன பிறகுதான் நவம்பரின் கடைசி வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தார். போக இரண்டு, வர இரண்டு, நான்கும் இடப்பக்கச் சன்னலை ஒட்டி. திட்டத்தை மைத்துனிக்கும் அனுப்பிவைத்தார். 'மதிய உணவு: பன்னிரண்டரை' என்ற வரியைப் படித்த என்கார்னா, கைதவறி விழுந்த எண் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர்கள் இரண்டே வகை: ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், ஜெர்மன்காரர்கள். எவாரிஸ்தோவும் பிறந்ததிலிருந்து மூன்று மணிக்குச் சாப்பிட்டவர்தான். ஆனால் ஊருக்கெல்லாம் போட்டுப் போட்டுப் பழகிய கை, சொந்த மைத்துனி வீட்டு விருந்தையும் ஜெர்மன்காரர் வயிற்றுக்கு அளந்துவிட்டது.

வியாழக்கிழமை வந்தது. ரயிலும் வந்தது. எவாரிஸ்தோ ஏறினார் என்பதைக் குர்ரோ கடை வாசலில் நின்று தன் கண்ணால் பார்த்தார். பள்ளத்தாக்கு நெருங்க நெருங்க, "இப்போ வரும், இதோ வரும்" என்று மனைவியின் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தது. மிலாக்ரோஸ் பார்த்தார். இவர் சன்னல் பக்கம் திரும்புவதற்குள் சுரங்கம் வந்துவிட்டது. போகட்டும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

ரோந்தாவில் இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றா நினைத்தீர்கள்? திட்டம் என்ன ஆவது? முதலில் பாலம். பாலத்தில் நின்று பாதாளத்தைப் பார்க்க வேண்டும். மலைக்காற்று காதை அறுத்தது. பிறகு காளைச் சண்டை அரங்கம், பிறகு பூங்கா, பிறகு இன்னொரு கோணத்திலிருந்து அதே பாலம். மிலாக்ரோஸ் அக்காவுக்காக வாங்கிய பாதாம் மிட்டாய்ப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். சரியாகப் பன்னிரண்டரைக்கு எவாரிஸ்தோ மைத்துனி வீட்டுக் கதவைத் தட்டினார்.

என்கார்னா வீட்டு அங்கியோடு வந்து கதவைத் திறந்தார். கையில் காலைக் காப்பி. பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அடுப்பில் அப்போதுதான் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார்கள். எவாரிஸ்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாப்பாடு எப்போது என்று நயமாக விசாரித்தார். வால் வெந்ததும் என்று பதில் வந்தது. வால் எப்போது வேகும் என்றார்.

"மாப்ள, அது உன் கடிகாரத்தைப் பாத்து வேகாது" என்றார் என்கார்னா. "நீ சாப்பிட வந்தியா, அளக்க வந்தியா?"

எவாரிஸ்தோவின் சங்கடம் அவருக்கு. திரும்பும் வண்டிகள் இரண்டு. ஒன்று பகலிலேயே புறப்படுவது. எவாரிஸ்தோ அதற்கு வெளிச்சத்து வண்டி என்று பெயர் வைத்திருந்தார். மற்றது மாலையில் புறப்படும் இருட்டு வண்டி. டிக்கெட் எடுத்திருந்தது வெளிச்சத்து வண்டிக்கு. கறி எலும்பை விட்டுக் கழன்று வரும் நேரமும் அந்த வண்டி நகரும் நேரமும் ஒன்றாக இருந்தன. மிலாக்ரோஸ் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எவாரிஸ்தோ அந்த முகத்தைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. இப்போது பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். புறப்படலாம் என்றார்.

"இருட்டு வண்டியில போவோம்" என்றார் மிலாக்ரோஸ்.

"அதுல போனா பள்ளத்தாக்கு தெரியாது."

"எனக்குப் பள்ளத்தாக்கு வேண்டாம், எவாரிஸ்தோ. அக்காவைப் பாக்கணும்."

ரெண்டு சீட்டு, இடப்பக்கச் சன்னல் என்று அவர் தொடங்கினார்.

"அப்ப நீ போ" என்றார் மிலாக்ரோஸ், கத்தியைக் கீழே வைக்காமல். "திட்டம் வீணாகக் கூடாது."

எந்த மனிதனும் இதைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவான். எவாரிஸ்தோ எழுந்தார். அந்தச் சீமையில் விடைபெறுவது ஒரு தனிச் சடங்கு: நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு விடை, நடையில் ஒரு விடை, வாசற்படியில் குடும்பக் கதையெல்லாம் மறுபடி பேசி ஒரு விடை, தெருமுனையிலிருந்து கையாட்டி ஒரு விடை. எவாரிஸ்தோ கன்னத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பாதி வெந்த குழம்பின் மணம் தெருமுனைவரை கூட வந்தது.

வண்டி நகரும்வரை நிலையத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஓடி வரவில்லை. பக்கத்து இருக்கையில் தன் கோட்டை வைத்தார். கோட்டு பேசவில்லை. உள்ளே என்னவோ கனத்தது. பசி என்று சொல்லிக்கொண்டார், பசியும் இருந்தது. பள்ளத்தாக்கு வரும் நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு கண்ணாடியில் படும்படி இடப்பக்கச் சன்னலில் முகத்தை வைத்தார்.

பாறை. மறுபடியும் பாறை. ஒரு கை தூரத்தில், கரி படிந்த வெறும் பாறை.

போகும்போது இடப்பக்கம் இருப்பது வரும்போது வலப்பக்கம் போய்விடும் என்பது குழந்தைக்கும் தெரியும். திட்டம் போடுகிறவருக்கு அது தோன்றவில்லை. திரும்பி வந்து பழக்கமிருந்தால் அல்லவா தோன்றும்? வலப்பக்கச் சன்னலில் ஒரு மாணவி திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மிலாக்ரோஸ் தொலைபேசியில் பேசினார். தட்டெல்லாம் காகிதத்தில் சுற்றிக் கட்டியாகிவிட்டதாம். சட்டியை நடுவில் வைத்து இரண்டு பேரும் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்களாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். பெட்டி கட்ட உதவிவிட்டுச் சாவி கொடுக்கிற அன்று வருகிறேன் என்றார். எந்த வண்டியில் என்று எவாரிஸ்தோ கேட்டார். வருகிற வண்டியில் என்று பதில் வந்தது.

மறுநாள் கடையில் குர்ரோ, "எப்படிண்ணே இருந்துச்சு ரோந்தா?" என்றார்.

"பிரமாதம். திட்டம் கச்சிதம். கூட வந்த ஆளுதான் ஒத்துழைக்கல."

"யாருண்ணே கூட வந்தது?"

எவாரிஸ்தோ காப்பியைக் கலக்க ஆரம்பித்தார்.

இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மிலாக்ரோஸ் திரும்பி வந்ததும், தன் தப்பைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்: பில்பாவுக்குத் திட்டம். மனைவியும் அக்காவும் மறுபடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசட்டும் என்று மனதார நினைத்தார், அதில் கள்ளமில்லை. ஆனால் பில்பாவில் எந்த மாதமும் மழை. எந்த மாதம் குறைவு என்று ஆராய்ந்ததில் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், மே மாதக் கடைசியில் போகலாம் என்று நினைப்பதாக அறிவித்தார்.

"நான் வர்ற வியாழக்கிழமை போறேன்" என்றார் மிலாக்ரோஸ். "டிக்கெட் எடுத்துட்டேன்."

எவாரிஸ்தோவின் கரண்டி பாதியில் நின்றது. முதல் கேள்வி தன்னையறியாமல் வந்தது: "எந்தப் பக்கச் சன்னல்?"

"பாக்கல. சன்னலான்னே தெரியாது."

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "எத்தனை டிக்கெட்?"

"ஒண்ணு." மிலாக்ரோஸின் குரலில் கோபமே இல்லை. "இன்னிக்குப் போனா இன்னொண்ணு கிடைக்கும். நீயும் வாயேன்."

எவாரிஸ்தோ மனைவியைப் பார்த்தார். உண்மையாகவே போக ஆசைப்பட்டார். அவர் கண்ணில் அது தெரிந்தது. "வரலாம்" என்றார். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். மிலாக்ரோஸ் அந்த ஒரு நிமிஷமும் காத்திருந்தார்.

"ஆனா…" என்றார் எவாரிஸ்தோ.

மிலாக்ரோஸ் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வியாழக்கிழமை வந்ததும் பில்பாவுக்கும் போனார்.

பாவம், இப்படியும் ஒரு மனிதர் என்று சிரித்துவிட்டு நீங்கள் பக்கத்தைப் புரட்டலாம். அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள். அந்த மனிதர் பாதி வெந்த குழம்பை விட்டுவிட்டுப் படியிறங்கியபோது, 'முந்தின நாள் சாயங்காலமே போய் அங்கே தங்கியிருக்கலாமே, வரும்போது மட்டும் வலப்பக்கம் எடுத்திருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்குமே' என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் உடனே எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஒற்றை டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று உள்ளே போய்ப் பாருங்கள். இதைப் படித்து முடித்துவிட்டுப் போகிறேன் என்கிறீர்களா?

முடிந்துவிட்டது.