ஆறு எஃப்பும் கடைசி இரண்டு எழுத்தும்

எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. இதை ஒப்புக்கொள்ளவே ஒரு பத்தி வேண்டும். ஆனால் என்னையும் மிஞ்சி நீட்டி முழக்கிய ஒன்று உண்டு: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நான் எழுதிய சி புரோகிராம்.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக் காலம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான் (அதாவது, அதை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள்). ஒருநாள் காவிரித் தகராறில் கர்நாடக எல்லையில் பஸ் நின்றுவிட்டது. பெங்களூர் கிளையின் வெட்டும் மெஷினுக்கான கட்டளைகள் ஃப்ளாப்பியோடு என் மேசையிலேயே கிடந்தன.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். "நாலு மணிக்குள்ள போகலன்னா ஆர்டர் போச்சுடே. நீயும் அஞ்செட்டிக்குப் போயி மாடு மேய்க்க வேண்டியதுதான்." (அஞ்செட்டி என் ஊர். அங்கே மாடுகூட என்னை நம்பாது.)

"டெலக்ஸ்ல அனுப்பிடலாம் சார்."

டெலக்ஸில் (தந்தி மாதிரி, இங்கே தட்டினால் அங்கே அச்சாகும்) தட்டக்கூடிய எழுத்துதான் போகும்; ஃப்ளாப்பியில் இருந்ததோ 0 முதல் 255 வரை கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியும் எண்கள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு எழுத்தாக (0 முதல் 9, ஏ முதல் எஃப்) மாற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். அதைப் பார்த்துத் தட்டினால் திரும்ப எண்ணாக்கும் புரோகிராம் பெங்களூரில் முன்பே இருந்தது. சோதனைக்கு என் மழைக் கவிதையை ஆங்கில எழுத்தில் அடித்து ஓட்டினேன். மழை இரண்டிரண்டு எழுத்தாக ஒழுங்காகச் சொட்டியது. அந்தப் பூரிப்பில், அச்சான தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மங்களாவிடம் கொடுத்தேன்.

மங்களா டெலக்ஸ் ஆபரேட்டர். ஊர் மத்திகிரி, வீட்டில் கன்னடம். கொடுத்ததை அப்படியே அடிப்பாள். ஏன் என்று கேட்கமாட்டாள். அன்று மூன்று மணிக்குக் கேட்டாள்.

"சார், இந்த எஃப் எல்லாம் அடிக்கணுமா, இல்ல அழகுக்குப் போட்டீங்களா?"

பக்கம் பக்கமாக எஃப். எண் 127 வரை என் புரோகிராம் யோக்கியன். அதற்கு மேல் போனால், கழித்தல் குறி போட்ட எண் என்று நினைத்துக்கொண்டு முன்னால் ஆறு எஃப்பை மாட்டிவிடும். 'அன்சைன்டு' (குறியில்லாதது) என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்ந்தது. கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்தும் ஓர் எண்தான்; ஆனால் என் கவிதையில் 127ஐத் தாண்டிய எழுத்தே இல்லை (கவிதையின் உயரமும் அவ்வளவுதான்).

பெங்களூரிலிருந்து டெலக்ஸில் பதில் வந்தது: உங்கள் எஃப் சாவி மாட்டிக்கொண்டதா?

மேனேஜர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா வேலி போட்டிருக்கடே. மாடு மட்டும்தான் பாக்கி."

முக்கால்வாசி போயிருந்தது. முதலிலிருந்து அடிக்க நேரமில்லை. "எந்த எஃப்பை விடணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அடிச்சவளுக்குத் தெரியாதா சார்? எப்பவும் ஆறாத்தான் வருது. அந்த ஆறையும் விட்டுட்டு கடைசி ரெண்ட எடுத்துக்கங்கன்னு ஒரு வரி அடிச்சா ஆச்சு," என்றாள் மங்களா. மிச்சத்தை அந்த ஆறு எஃப் இல்லாமலே அடித்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடிந்தது. ஐந்தரைக்கு, மெஷின் ஓடுகிறது என்று செய்தி வந்தது.

வேலை நிலைத்தது. மறு வருடம் அவளிடம் ஏழு பக்கக் கடிதம் ஒன்றை நீட்டினேன். ஆறு பக்கத்தைத் தள்ளிவிட்டு ஏழாவதை மட்டும் படித்தாள். "சரி," என்றாள்.

இப்போதும் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மகள் விரல் மடக்கி ஆறு வரை எண்ண ஆரம்பிப்பாள். நேற்று, சாயங்கால வெயிலையும் களைப்பையும் பற்றி விரிவாகத் தொடங்கியிருந்தேன். சமையலறையிலிருந்து மங்களா குரல் கொடுத்தாள்.

"கடைசி ரெண்டு எழுத்த மட்டும் சொல்லுங்க."

"காபி," என்றேன்.