கடற்கரையில் துக்கம் விசாரித்த கதை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எங்கே போவதாக இருந்தாலும், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வாரத்துக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடுவேன். பல் பிடுங்கப் போனால்கூட, டாக்டர் மனம் நோகாமல் வாயை எப்படித் திறப்பது என்று யோசித்துவிட்டுத்தான் போவேன். அப்படி யோசித்து யோசித்தே, புயலிலிருந்து தப்பிய ஒரு கடலோர விடுதியை இரண்டே நாளில் மூட வைக்கப் பார்த்தவள் நான்.

மகள் கவிக்கு அப்போது மூன்றரை வயது. மலையகத்து நோர்வூட்டில் பிறந்த பிள்ளை; கடலைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தாள். பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரைக்கு, பாசிக்குடாப் பக்கம் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்து, ஒரு விடுதியும் பேசி வைத்திருந்தோம். அதற்குள் புயல் வந்தது. அந்த விடுதியின் கூரை போயிற்று. எங்கள் பக்கத்தில் மழை விடாமல் பெய்து மண் சரிந்தது. நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை, வீடிழந்தவர்களுக்கு முகாமாக மாறியது. அடுத்து வந்த வாரங்களில் நான் ஏறி இறங்காத துக்க வீடு இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிப்பதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சில மாதங்கள் கழித்து விடுதிக்காரம்மா தொலைபேசியில் அழைத்தார். பெயர் தங்கேஸ்வரி, எல்லோருக்கும் தங்கேஸ் அக்கா. என் கணவர் சுதாகர் பேசிவிட்டு வந்து விவரம் சொன்னார்.

"கூரை போட்டுட்டாங்களாம். புயலுக்கப்புறம் நாமதான் மொத ஆளுங்களாம். கொழும்புல இருக்கிற மக சொல்லிருச்சாம், மொதல்ல வர்றவங்க சந்தோஷமா இருந்துட்டுப் போனா நடத்துங்க, இல்லாட்டி மூடிட்டு எங்கூட வந்துருங்கன்னு. பாவம், அந்தம்மாவுக்கு அந்த எடத்த விட்டுப் போக மனசே இல்ல."

"அடிபட்ட ஊருக்கு உல்லாசம் போறதாங்க? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"வாங்கன்னுதானே கூப்பிடுறாங்க, தர்ஷி?"

(மரியாதைக்குக் கூப்பிட்டா ஒடனே பொட்டியத் தூக்கிருவாங்களா?)

ஆனாலும் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. போவது என்று முடிவானதும் ஒத்திகையைத் தொடங்கினேன். பளிச்சென்ற உடுப்பு எதையும் பையில் வைக்கவில்லை. சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று கவியிடம் சத்தியம் வாங்கினேன். எங்கள் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பராக்களிலிருந்துதான் ரொட்டியும் தேத்தண்ணியும் போகும். ஆகவே நாற்பது ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, இரண்டு கிலோ தேயிலையும் கட்டிக்கொண்டேன். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் ரொட்டி தகடாகிவிட்டது. இரண்டு மாதம் முன்னதாகப் போயிருந்தால் அக்காவின் கூரைக்கே உதவியிருக்கும்.

ஊர் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. தலையில்லாத தென்னைகளுக்கு நடுவே புதிய நீலத் தகரங்கள். பாதி கட்டிய மதில்களில் ஈரம் காயாத வர்ணம். விடுதி வாசலில் கோலம் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, நல்ல சேலை கட்டி, இரண்டு கையிலும் இளநீரோடு தங்கேஸ் அக்கா நின்றார்.

"வாங்க மகள், வாங்க தம்பி!"

துக்க வீட்டில் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள் என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இளநீரை வாங்கிச் சுதாகரிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் பேசாமல், தலையைக் குனிந்து, கண் கலங்க, உதட்டைக் கடித்தபடி நின்றேன். ஒத்திகையில் இந்த இடம்தான் மிக நன்றாக வந்திருந்தது.

"என்ன புள்ள, தலை சுத்துதா? சத்தி வரப்போகுதா?" என்று பதறிய அக்கா என்னை முற்றத்து ஓரமாக இழுத்துப் போனார். ஒரு வாளியை முன்னால் வைத்து, தேசிக்காயைக் கீறி மூக்கில் பிடித்து, முதுகைத் தடவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கே உண்மையாகக் குமட்டிக்கொண்டு வந்தது.

பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். மேசையில் முருங்கையிலை போட்ட நண்டுக் கறி, இறால் பொரியல், மீன் சொதி. சுதாகரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"எதுக்குக்கா இதெல்லாம்? இந்த நெலமையில நீங்க அடுப்பே பத்த வைக்க வேணாம். நாங்க கொண்டாந்திருக்கோம்" என்று ரொட்டி மூட்டையை அவிழ்த்தேன்.

அக்கா ரொட்டியைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கிணத்த ரெண்டு தரம் இறைச்சு மருந்து போட்டிரிக்கு மகள். நல்ல தண்ணி. பயப்படத் தேவல்ல."

"சேச்சே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்" என்று நான் ரொட்டியைக் கடித்தேன். பல் ஆடியது. கவி "அம்மா, நண்டு..." என்றாள். அவள் வாயிலும் ஒரு துண்டு ரொட்டியை அடைத்தேன். சுதாகர் மட்டும் நண்டின் பக்கமே திரும்பாமல், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

பின்னேரம் கடலுக்குப் போனோம். முதல் அலை காலில் பட்டதும் கவி வீறிட்டுச் சிரித்தாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். விராந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா உள்ளே போய்விட்டார். (பாத்தியா, மனசு சங்கடப்பட்டுருச்சு!) அதற்குப் பரிகாரமாக மறுநாள் காலையில், அக்கா அப்போதுதான் கூட்டி முடித்திருந்த முற்றத்தை மறுபடி ஒருமுறை கூட்டினேன். அன்றும் ரொட்டிதான். அக்காவின் தலையில் பூ இல்லை. பேச்சும் குறைந்திருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இருக்கும்போது துக்கம் வெளியே வரத்தானே செய்யும் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை புறப்பட்டோம். கணக்கைச் சுதாகர் முந்தின நாளே முடித்திருந்தார். அக்கா குசினியில் ஏதோ சமையல் வேலையாக இருந்தார்.

"சொல்லிட்டு வர்றேன்" என்று சுதாகர் திரும்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துக்கம் விசாரித்துவிட்டு யாராவது 'போயிட்டு வர்றோம்' என்பார்களா? பேசாமல் எழுந்து போவதுதான் முறை. மூன்று பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கள்ளர்கள் போல வெளியே வந்தோம்.

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, தூரத்தில் சேலையைத் தூக்கிச் செருகியபடி ஒருவர் ஓடி வந்தார். தங்கேஸ் அக்கா. கையில் துணி சுற்றிய, நண்டுக் கறி மணக்கும் சட்டி.

"நில்லுங்க! என்ன குறை கண்டீங்க எண்டு சொல்லிப்போட்டுப் போங்க!" மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. "சமைச்சதத் தொடல்ல. நான் கூட்டின முத்தத்தத் திரும்பக் கூட்டினீங்க. புள்ளையச் சிரிக்க விடல்ல. இப்ப போயிட்டு வாறம் எண்டு ஒரு சொல்லுக்கூட இல்ல. இனி வரமாட்டீங்க, அதானே? நான் மகளுக்குச் சொல்றன், பூட்டிப்போட்டு வாறன் எண்டு."

இரண்டு நாள் ரொட்டி தின்ற மனிதர்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு கொறையும் இல்லக்கா! இவ உங்க வீட்ட எழவு வீடுன்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டா!"

அக்கா திகைத்தார். "எழவா? ஆரு செத்த?"

"யாரும் சாகலக்கா..." என்று இழுத்தேன். "கூரை..."

"கூரைக்கா என்ட கையப் புடிச்சு அழுதீங்க?"

தலையாட்டினேன். அக்கா சட்டியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வாங்கில் உட்கார்ந்து சிரித்தார், என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். பஸ் வந்து நின்றது. "ஏறுறீங்களா, இல்லையா?" என்று நடத்துனர் கேட்டார். "இவங்க போகல்ல. நீ போ தம்பி" என்று அக்காவே அனுப்பிவிட்டார்.

திரும்பிப் போனோம். நண்டு சாப்பிட்டோம். சுதாகர் சாப்பிட்டதை இங்கே எழுதினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. கவி கடலில் நின்று கத்திய கத்தலில், அவளோடு சேர்ந்து நானும் கத்திவிட்டேன். அக்கா கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, கூரைக்கு அழுத கதையை நடுவில் மூன்று முறை சிரிப்புத் தாங்காமல் நிறுத்தி நிறுத்தி மகளுக்குச் சொல்லிவிட்டு, தொலைபேசியை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா," என்று என்னை அழைத்தது அந்த மகளின் குரல். "அம்மா இப்பிடிச் சிரிச்சுப் புயலுக்குப் பிறகு நான் கேட்கவே இல்ல. சரி, அவ அங்கயே இரிக்கட்டும். ஆனா நீங்க இன்னொருக்கா அங்க போகணும்."

மறுநாள் புறப்படும்போது, "போயிட்டு வர்றோம்" என்று வாசல் படலையடியில் நின்று சொன்னேன். "பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும் புள்ள, சத்தமா!" என்றார் அக்கா. மூன்று பேரும் அடிவயிற்றிலிருந்து கத்தினோம். சொன்ன சொல்லுக்காக அதன் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டோம். இப்போதெல்லாம் அறை கிடைப்பதே கஷ்டம்.

கவி இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். அன்று பஸ் தரிப்பிடத்தில் நடந்ததை அவளும் அவள் அப்பாவும் மறப்பதாக இல்லை. காலையில் முன்பள்ளி வாசலில் என் கையை விட்டு நாலு எட்டு போனவள், ஊர் கேட்கத் திரும்பிக் கத்துவாள்: "அம்மா, போயிட்டு வர்றேன்! பூட்டிப்போட்டுப் போயிராதீங்க!" அவளைப் பார்த்து அங்கே வரும் பிள்ளைகளெல்லாம் அப்படியே கத்தப் பழகிவிட்டார்கள்.

போன வாரம் முன்பள்ளி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏங்க, புள்ளைங்கல்லாம் 'பூட்டிப்போட்டுப் போயிராதீங்க'ன்னு கத்துதுங்களே, நீங்க ஏதும் கடை வச்சிருக்கீங்களா?"

"எங்களுது இல்லைங்க டீச்சர்" என்றேன். "மூடப் பார்த்தது மட்டுந்தான் நாங்க."