உள்ளே போகப்போகிறவர்

பிளான்டில் வெளி ஆட்களை எடுக்கப்போகிறார்களாம். நான் என் காதால் கேட்டதில்லை. அக்கா ரெஜினா போனில் சொன்னாள். அக்காவுக்கு மீன் வாங்கப்போன இடத்தில் ஒரு பெண் சொன்னாளாம். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று அக்கா கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மீன்கூடைக்குப் பக்கத்தில் பிறந்த செய்தி இரண்டு வாய் மாறி வந்துவிட்டால் அது அரசாணை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இடமும் பிளான்ட்தான், ஐஸ்கட்டி செய்யும் இடமும் பிளான்ட்தான். ஆனால் முன்னால் எதுவும் சேர்க்காமல், குரலைக் கொஞ்சம் இறக்கி, ஒருவர் 'பிளான்ட்' என்று சொன்னால் அது அணுமின் நிலையம் மட்டும்தான். அங்கே வேலைக்குச் சேர்வதை 'உள்ளே போவது' என்பார்கள். சிறைக்கும் அதே சொல்தான். யாரும் குழப்பிக்கொள்வதில்லை, ஒன்றுக்குப் பெண் கொடுப்பார்கள், ஒன்றுக்கு யோசிப்பார்கள்.

இந்தச் செய்தி காதில் விழுந்த கணத்தில் பிறக்கிற ஒரு மனித வகையைத்தான் உங்களுக்குக் காட்டப்போகிறேன். உள்ளே போகப்போகிறவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் கழுத்துவலியோடு உட்கார்ந்திருப்பவர்களில் இவர் உண்டு. செய்யூரில் டிராக்டருக்கு அடியில் படுத்திருப்பவர்களில் உண்டு. உள்ளே இருப்பவரோடு மட்டும் இவரைச் சேர்த்துப் பார்த்துவிடாதீர்கள். அக்கா தெருவிலேயே ஜெபக்குமார் அண்ணன் இருக்கிறார், பதினைந்து வருடமாக உள்ளே வெல்டர். காண்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் குறைந்துவிட்டதையும், ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் சண்டையையும் டீக்கடையில் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். அணுவைப் பற்றிக் கேட்டால் கொட்டாவி விடுவார். உள்ளே போகப்போகிறவரோ சாம்பாரைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டார்.

அது ரகசியம்.

எனக்கு மிக அருகில் கிடைத்த உதாரணம், அக்கா கணவர் கிருபாகரன் மாமா. நெம்மேலியில் பதினோரு வருடம் பம்பும் வால்வும் பார்த்தவர், கான்ட்ராக்டில். மார்ச்சோடு கான்ட்ராக்டர் மாறுகிறார். புதியவர் தன் ஆட்களோடு வருகிறார். மாமாவுக்கு வயது முப்பத்தொன்பது. பிளான்டில் பராமரிப்பு வேலை எடுத்திருக்கும் நிறுவனத்தில் சேருகிற நாளன்று நாற்பது நிரம்பியிருக்கக் கூடாது. மே பதினான்கு அவர் பிறந்தநாள். அதற்குள் உள்ளே போனால் போனது. பிறகு கேக் வெட்டலாம், அவ்வளவுதான்.

இந்த வகையினருக்கு முதல் பருவம் அலட்சியப் பருவம். "வால்வுன்னா வால்வுதானே மச்சான்?" என்று எனக்கு வீடியோ கால் செய்தார். "தண்ணிய தள்ற பம்புக்கு அது எந்த ஊர்ல கீதுன்னு தெரியுமா?" நான் ஓமானில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அளவுக்கருவிகள் பார்ப்பவன் என்பதால் தொழில்முறைச் சாட்சியாக என்னைத் தலையாட்டச் சொன்னார். ஆட்டினேன்.

இரண்டாவது பருவம், விண்ணப்பம் போட்ட மறுநாள் காலை. வால்வு வால்வு இல்லாமல் போய்விடும். அதுவரை சுத்தியலால் தட்டிச் சரிசெய்த கையைத் தானே அருவருப்போடு பார்த்துக்கொள்வார். 'ரிப்பேர்' என்ற சொல் வீட்டில் தடைசெய்யப்படும். இனி எல்லாம் 'முறைப்படி'. இந்தப் பருவத்தில்தான் அக்காவின் மிக்சி சூடாகி நின்றது. பழைய கிருபாகரன் என்றால் அதை ஒரு குட்டுக் குட்டி, இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி ஓட்டியிருப்பார். புதிய கிருபாகரன் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, சிவப்பு அட்டையில் 'இயக்காதே, வேலை நடக்கிறது' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டுத் தொங்கவிட்டு, ஷிப்டுக்குப் போய்விட்டார்.

"தம்பி, உங்க மாமாவுக்கு இன்னாவோ ஆயிட்ச்சுடா," என்றாள் அக்கா. "மூணு நாளா சட்னி இல்ல. அட்டைய நான் எடுக்கக்கூடாதாம். மாட்டினவங்கதான் எடுக்கணுமாம். மாட்டினவரு டபுள் ஷிப்ட்டு."

"வேலை நடக்குதுன்னு எழுதியிருக்கே, அக்கா?"

"இன்னாடா நடக்குது? நாஸ்தாவுக்கு பொடி தொட்டுகினு கீறோம், அதுதான் நடக்குது."

மூன்றாவது பருவம் ரகசியம். சொல்வதற்கு எதுவும் தெரியாதவர்தான் எதையும் சொல்லாமல் இருப்பதில் இத்தனை உறுதியாக இருக்க முடியும். மாமா பேஸ்புக்கை மூடினார். டீக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். மாமல்லபுரத்துக்குப் போவதாக இருந்தால் "வடக்கே ஒரு வேலை" என்றார். வீட்டுக்கு ஒரே உத்தரவு: என்னைப் பற்றி எவன் வந்து கேட்டாலும், எவன் போன் செய்தாலும், தெரியாது. எதிர்வீட்டு ஞானம்பாளுக்கும் அதே உத்தரவு. அவர் அங்கன்வாடியில் உதவியாளர். கணக்கெடுக்க வருகிற அதிகாரிகளை இருபது வருடமாகச் சமாளித்த அனுபவம் உண்டு என்பதால் உடனே ஒத்துக்கொண்டார்.

உத்தரவு போட்டால் மட்டும் போதுமா? ஒத்திகை வேண்டாமா? ஜெபக்குமார் அண்ணனிடம் சொல்லி, தெரியாத எண்ணிலிருந்து அக்காவுக்குப் போன் போட வைத்தார்.

"கிருபாகரன் சார் இருக்காருங்களா?"

"குளிச்சிகினு கீறாருங்க."

அக்கா தோற்றாள். ஒரு மனிதன் குளிக்கும் நேரத்தை வெளியில் சொல்லலாமா என்று ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. அடுத்த வாரம் தெருமுனைக் கடைக்காரர் அறிமுகமில்லாதவர்போல வந்து கேட்டார். "அப்படி யாரும் இங்க இல்ல," என்று கதவைச் சாத்தினாள். முழு மதிப்பெண். அன்று மிக்சியிலிருந்து அட்டை கழன்றது.

நடுவில் நேர்காணல் நடந்தது. அதைக் கேலி செய்ய என்னால் முடியவில்லை, மன்னிக்கவும். "பதினோரு வருஷம் பம்பு பார்த்திருக்கீங்க. இங்கே புதுசா என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார்களாம். "எல்லாத்தையும் சார்," என்றாராம் மாமா. "எழுதி வச்சதும் கண்ணு முன்னாடி கீறதும் ஒத்துப்போவலன்னா கைய எடுத்துட்டு கேப்பேன்." கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாராம். பத்து நாளில் கடிதம் வந்தது: காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்பட்டுத் தேர்வு.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாதாரணச் சட்டையில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ஞானம்பாளிடம் போனார்.

"கிருபாகரன் வூடு எதும்மா?"

"எந்தக் கிருபாகரன்?"

"நெம்மேலில வேலை செஞ்சாரே."

"நெம்மேலில எவ்ளோ பேரு வேலை செய்றாங்க நைனா. இந்தத் தெருவுல அந்தப் பேர்ல ஆளே கெடையாது."

"தோ, எதிர் வூட்டு கேட்டுல பேரு எழுதிக்கீதே?"

"அது பழைய கேட்டு."

அவர் எதிர்வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்து அக்காவிடம் காட்டினார். அக்கா அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, தெரியாது என்றாள். அவர் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார்.

"அந்த போட்டோல மாலையோட உங்க பக்கத்துல நிக்கிறது இவருதானே?"

"கல்யாணத்துக்கு நெறைய பேரு வந்தாங்க சார்."

அவர் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் மாமா வந்ததும் இரண்டு பெண்களும் மாறி மாறி நடித்துக் காட்டினார்கள். கல்யாண வசனத்துக்கு மாமா கைதட்டினார். எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வந்தார். பிறகு நன்றி சொல்ல ஜெபக்குமார் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"இன்னா அண்ணாத்த, இந்தத் தபா வந்த ஆளு செம நடிப்பாமே. போட்டோல்லாம் வச்சிருந்தாராம். யாரு அது?"

"எந்த ஆளு?"

"காலைல அனுப்னியே."

"நான் எவனையும் அனுப்பல மச்சான். நைட் ஷிப்ட்டு முட்ச்சிட்டு இப்பதான் எய்ந்தேன்."

பிரியாணியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் காலை மாமா ஸ்டேஷனுக்குப் போனார். 'குறிப்பிட்ட முகவரியில் அப்படி ஒருவர் இல்லை' என்று எழுதப்பட்ட தாளுக்கு முன்னால் நின்று, நான் இருக்கிறேன் என்றார். ஆதார் காட்டினார், ரேஷன் கார்டு காட்டினார், அக்காவையே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அக்கா, பைக்கில் வந்திருந்த அதே காவலரிடம், "தெரியும் சார், நல்லாவே தெரியும், பதினாலு வருசமா பேஜாரு பண்ணிகினு கீறாரு," என்றாள். காவலர் நல்ல மனிதர். வீட்டார் சொல்வதை இனி எழுத முடியாது, விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் இரண்டு பேரைப் போனில் கேட்கிறேன், அவர்கள் சரியாகச் சொன்னால் தாளை மாற்றி எழுதுகிறேன் என்றார். வியாழக்கிழமை மதியத்துக்குள். அதோடு தாள்கட்டு மேலதிகாரிக்குப் போய்விடும். போனது திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். மே பதினான்கு அதுவரை காத்திருக்காது.

இரண்டு பேரில் ஒருவர் ஜெபக்குமார் அண்ணன். முதல் மணியிலேயே எடுத்து, "தெரியும் சார், மிக்சிக்கு அட்டை மாட்டுவாரே, அவருதானே?" என்று கேட்டு வேலையை முடித்துவிட்டார்.

இன்னொருவர் நான். அந்தக் கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் 'உறவினர் அல்லாதவர்' என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. மாமா என்னை 'நண்பர்' என்று நிரப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, ரகசியம். பள்ளியில் எனக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடந்தது, இரண்டிலும் நான் சுமாராகப் பொய் சொல்வேன். ஆனால் போலீஸிடம் எந்த மொழியிலும் சொன்னதில்லை. அக்காவின் தம்பி என்றால் மாமா பொய் எழுதியவர் ஆகிறார். நண்பன் என்றால் நான் பொய் சொன்னவன் ஆகிறேன்.

இது போதாதா நான் தயங்க? போதும். இருந்தாலும் உங்களை ஒன்று கேட்டுவிடுகிறேன், இவ்வளவு நேரம் மாமாவைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? இன்னும் கிடைக்காத வேலையின் நடையை நடந்துகொண்டு, இருக்கிற வேலைக்குப் போய்வருகிறவர் நீங்கள் இல்லையே? "ஊர்ல ஏதாவது விசேஷமா?" என்று யாராவது கேட்டால் தேவைக்கு அதிகமான நிதானத்தோடு ஒன்றுமில்லை என்கிறவர் இல்லையே? உங்கள் பெட்டியில், பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில், வீட்டாருக்குக்கூடக் காட்டாத விண்ணப்ப நகல் ஒன்று இல்லையே?

என்னுடையது அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரியில் போட்டேன். அதே நிறுவனம், அளவுக்கருவிப் பிரிவு. அக்காவிடம் வதந்தி என்று சிரித்த அன்று மாலையே போட்டேன். உறவினர் அல்லாத இருவர் என்ற இடத்தில் முதல் பெயர்: கிருபாகரன், நண்பர்.

இன்று வியாழன். செங்கல்பட்டில் மணி பதினொன்றே முக்கால், எனக்குப் பத்தே கால். மேசைமேல் போன் அடிக்கிறது. 044 என்று தொடங்கும் எண். மாமாவுக்காகவா, எனக்காகவா, இல்லை ஒரே காவலரின் மேசையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா?

நின்றுவிட்டது.

அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி. "டேய், எடுடா போனை. தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுடா, போதும். உங்க மாமா கேட்டு மேல கைய வச்சிகினு தெருவுலயே நிக்கிறாருடா."

மறுபடி அடிக்கிறது. அதே எண். நான்காவது மணி. ஐந்தாவது.