கூரைக்கு மூச்சு தந்த படலம்

வாழ்க தையற்காரர்! ஊசியன்றி வேறு படைக்கலம் ஏந்தாதவர், எனினும் இண்டு இடுக்கு எங்கு கண்டாலும் அடைக்காமல் உறங்காத அடைப்புத் திலகம், குளிருக்குக் கூற்றுவன். அவர் தம் மாடி அறையின் சாய்கூரைக்குள், கோட்டைக்குள் சேனையை நிறைப்பதுபோல், இறவாரம் முதல் முகடு வரை குளிர் தடுக்கும் கண்ணாடியிழைப் பஞ்சைத் திணித்து, மீசை முறுக்கி நின்ற பனிக்காலத்திலே, மேகமற்றதொரு விடியலில், அவர் நெற்றியில் விழுந்தது ஒரு துளி.

அடுத்த துளியோ, அவ்வாரம் ஒரு மணமகள் அணிய அவர் தைத்துவைத்த வெண்பட்டு அங்கிக்கு விரற்கடை தூரத்தில் விழுந்தது. துடித்தெழுந்தார் தையற்காரர். தார்ச்சட்டி ஏந்திக் கூரைமேல் பாய்ந்தார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. அவர் இறங்குமுன் இன்னும் ஏழெட்டுத் துளிகள் அம்பெனப் பாய, அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினார்.

மருத்துவமனைச் செவிலியான அவர் மனைவி ஏணியேறி, பஞ்சை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கூரைப் பலகையின் ஆணிமுனை ஒவ்வொன்றிலும் ஒரு நீர்முத்து.

“இது மழை இல்லங்க. நாம விடுற மூச்சு, குளிக்கிற வெந்நீரோட ஆவி எல்லாம் மேல போகுது. வெளிய போக வழியில்ல. குளுந்த பலகையில பட்டுச் சொட்டுது.”

“ஒரு பொத்தல் விடாம அடைச்சவன் நான். என் கையாலயே ஓட்டை போடச் சொல்றியா?”

“பட்டு வேணுமா, வீராப்பு வேணுமா?”

தம் கோட்டையைத் தாமே முற்றுகையிட்ட அவ்வீரர், ரம்பமும் சுத்தியலும் தாங்கி, உத்தரங்கள் தலையை மோத, பஞ்சு மூக்கில் ஏற, உடும்பென ஊர்ந்தார். பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே காற்றோடச் சந்து விட்டார். இறவாரத்தைத் திறந்து, குருவி புகாதபடி வலை அடித்தார். ஆணியொன்று கால்சட்டையின் பின்புறத்தைக் கிழித்தபோதும், தொழிலுக்கே இழுக்கென்று நாணாமல், காற்று வெளியேற முகட்டு மூடியைச் சற்றே தூக்கிப் பொருத்தினார். பின்னர் இறவாரத்தருகே நூலொன்றைப் பிடித்தார். அது நடுங்கிற்று, நிமிர்ந்தது, முகட்டை நோக்கி வெற்றிக்கொடியெனப் பறந்தது.

“இங்க பாரு, காத்து ஓடுது,” என்ற முழக்கம் தெருமுனை வரை கேட்டது.

ஆணிமுத்துக்கள் உலர்ந்தன, பலகை வெளிறியது, வெண்பட்டு கறையின்றி மணமகள் வீடு சேர்ந்தது, செவிலியும் புன்னகை பூத்தார்.

தையற்காரருக்கு மட்டும் கண்ணாடியிழை குத்தி உடம்பெல்லாம் அரித்தது.