பூஜையில் வைத்த சாவி

"சார், பழைய ஃப்ரீசர் நின்னு போச்சு. புதுசோட சாவி வேணும்," என்று ஆராய்ச்சி மாணவி திவ்யலட்சுமி போனில் பதறியபோது, அந்தச் சாவி நீலகண்டனின் கரமனை வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தது.

பல்கலைக்கழகத்தின் புதிய உயிரித்தொழில்நுட்ப மையத்துக்கு வரும் கருவிகளைச் சரிபார்த்து ஒப்படைப்பது அவர் வேலை. மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் முந்தாநாள்தான் ஓடத் தொடங்கியது. அன்று மாலையே சரஸ்வதி பூஜைக்குப் புத்தகமும் கருவிகளும் வைக்கும் பூஜை வைப்பு. அவசரமாக வீட்டுக்கு ஓடிவந்து, புத்தகங்களோடு சாவியையும் வைத்துவிட்டார். வைத்ததை விஜயதசமிக் காலையில்தான் எடுக்கலாம்.

"நாளைக் காலம்பற தரேன் அம்மா. பூட்டிப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"நாலு வருஷ சாம்பிள் சார்! வாடல் வந்த வாழையோட திசு, ஆஸ்பத்திரில வாங்கின ரத்தம், எல்லாம் உருகிடும். டூப்ளிகேட் இல்லையா?"

"இருக்கு. அதையும் பூஜையில வெச்சுட்டேன்."

பழவங்காடி பூட்டுக்காரர் மகாராஜாவைப் போனில் பிடித்தார்.

"டூல்ஸ் எல்லாம் பூஜையில இருக்கே சாமி. நாளைக்கு வரட்டா?"

அதுவரை தாங்கட்டும் என்று மீன் கடையிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் அனுப்பினார். அரை மணியில் திவ்யலட்சுமி மறுபடி அழைத்தாள்.

"ஐஸ் தண்ணியில லேபிள் எல்லாம் அழிஞ்சுடுத்து சார். எது வாழை, எது நோயாளின்னே தெரியலை."

நீலகண்டன் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தார்.

"தாயே, மன்னிச்சுக்கோ."

"ஏன்னா, எடுக்கப்படாது!" என்று மனைவி பிச்சம்மாள் கத்தியதைக் காதில் வாங்காமல், சாவியோடு ஆட்டோவில் ஏறினார்.

மையத்தின் வாசலில் அவர் இறங்கியபோது, பழைய கட்டடத்திலிருந்து திவ்யலட்சுமியும் சாம்பிள் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். குழாய்களில் எல்லாமே தண்ணீராகிக் கிடந்தது. அவள் அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இனி வேண்டாம் சார். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்த நோயாளிகள்ல ரெண்டு பேர் இப்போ உயிரோட இல்லை."

"நீங்க முதல்ல கேட்டப்பவே நான் எடுத்திருக்கணும் அம்மா. தப்பு என்னோடது."

வேறென்ன செய்வதென்று தெரியாமல், உள்ளே போய் ஃப்ரீசரில் சாவியை நுழைத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த மாடம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவி எதுக்கு சார்? அன்னைக்கு அவசரத்துல அதை உருவிட்டுப் போனீங்களே தவிர, பூட்டவே இல்லையே."