என் மொட்டைத் தலையில் ஒரு மூளைப் படம்

பிள்ளைகளே, உங்கள் படிப்புக்கு உதவ ஆசைப்படும் அப்பாக்கள் முதலில் ஒரு தொப்பி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் கயல் திருச்சியில் ஒரு கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். மூளையின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று மறுநாள் வாய்மொழித் தேர்வு. போன தடவை அதில்தான் தோற்றுப்போனாள். புத்தகம், வீடியோ, வண்ணப்படம் எல்லாம் பார்த்தாயிற்று.

"படத்துல தட்டையா இருக்குப்பா. நெஜத் தலையில எது எங்க வருதுன்னே புரியல" என்று அழாத குறை.

அந்த வாரம்தான் நான் சமயபுரத்தில் மொட்டை போட்டிருந்தேன். வீட்டில் பளபளவென்று ஒரு தலை சும்மா இருக்கிறதே! "இதுல வரைம்மா" என்று குனிந்தேன். தென்னூர் பார்சல் ஆபீசில் நான் பெட்டிகளில் முகவரி எழுதும் மார்க்கரையும் கொடுத்தேன். (மழையில் நனைந்தாலும் அழியாது என்று பெருமை வேறு.)

நெற்றிக்கு மேலே 'யோசனை', காதுப் பக்கம் 'கேட்பது' என்று எழுதிக்கொண்டே போனவள், பின்னந்தலையில் 'பார்வை' என்றாள்.

"கண்ணு முன்னாடிதானே இருக்கு? பார்வை எப்படிம்மா பின்னாடி போகும்?"

"பாக்குறது கண்ணுப்பா. பார்த்தது என்னன்னு புரிஞ்சுக்கிறது பின்னாடி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூங்கப் போகும்வரை சண்டை.

காலையில் சோப்பு, தேங்காய் எண்ணெய், சீயக்காய், பாத்திரம் தேய்க்கும் நார்... எதற்கும் எழுத்து அசையவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் போய் அவளைக் கல்லூரியில் இறக்கிவிட்டேன். திரும்பினால், அவளுடைய ஹால் டிக்கெட் ஸ்கூட்டரிலேயே கிடக்கிறது! எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தேர்வறை வாசலில் கயலோடு பேராசிரியை நின்றிருந்தார். டீச்சர் முன்னால் தலையை மூடிக்கொண்டு நிற்கலாமா? ஹெல்மெட்டைக் கழற்றினேன். பணிவாகக் குனிந்து வணக்கமும் வைத்தேன். (புத்திசாலி!)

அவர் என் தலையை நிதானமாகப் படித்து முடித்தார்.

"என்ன கயல், பிட்டை அப்பா தலையில எழுதிக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

கயல் முகம் வெளுத்துவிட்டது. நான் அவசரமாகத் தலையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இல்லீங்க மேடம், நேத்து படிச்சதுங்க. அழிய மாட்டேங்குதுங்க..."

"தோள்ல இருக்கிற துண்டைத் தலையில கட்டிட்டு உட்காருங்க. கயல், பார்வை எங்க? தொட்டுக் காட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், குபீரென்று சிரித்துவிட்டாள். பின்னந்தலையில் நச்சென்று ஒரு தட்டு. "எங்கப்பா ஒத்துக்காத இடம் மேடம்!" அதன்பிறகு கேட்டதெல்லாம் சரி.

தப்பித்தோம் என்று எழுந்தேன்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க? எங்க மூளை மாடல் உடைஞ்சு கிடக்கு. அடுத்த பொண்ணு வரட்டும்."

மத்தியானம் வரை வகுப்பு முழுவதும் வரிசையாக வந்து என் தலையைத் தட்டிவிட்டுப் போனது.

கயல் தேறிவிட்டாள். எனக்கும் முடி வளர்ந்து எழுத்து மறைந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டையே புரட்டினால், சமையலறையிலிருந்து என் மனைவி குரல் வரும்:

"முன்னாடி ஏங்க தேடுறீங்க? உங்க பார்வை பின்னாடிதானே இருக்கு!"