உறுமர்கள் ஏன் கண்ணை மூடுகிறார்கள்?

"இது என்னன்னு சொல்லுங்க புலவரே."

மேசை மேல் டொக்கென்று எதையோ வைத்த சத்தத்தில்தான் புலவர் தலையைத் தூக்கினார். எதிரே முதலாளியம்மா நின்றிருந்தார். கணினித் திரையில், பாதியில் விட்ட வாக்கியத்துக்குப் பின்னால் ஞஞஞஞ என்று பல பக்கங்கள் ஓடியிருந்தன.

"பொம்மைம்மா," என்றார் புலவர்.

"அது எனக்கும் தெரியுது. என்ன பொம்மை?"

புலவர் என்றதும் செய்யுள் எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பொம்மைப் பட்டறையில் பெட்டிகளின் முதுகில் வாசகம் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். ஒரு தண்ணீர்த் துப்பாக்கிக்கு 'எதிரிகள் தொப்பலாக நனைவர்!' என்று எழுதிய நாளிலிருந்து ஊழியர்கள் அவரைப் பெட்டிப்புலவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் பெட்டி உதிர்ந்துபோய்ப் புலவர் மட்டும் மிஞ்சினார்.

அவர் பொம்மையை எடுத்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு கைகள், நான்கிலும் ஆயுதங்கள், செதில் செதிலாகக் கவசம். வேறு கிரகத்துப் போர்வீரர்களான உறுமர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்களோ அப்படியே இருந்தது. கழுத்துக்கு மேலேதான் வில்லங்கம். கண்கள் சுகமாக மூடியிருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. ஓர் உறுமன், உலகத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஐயையோ, தூங்குது!"

"கிடங்கு முழுக்கத் தூங்குது. மாதிரியைப் பாத்துச் சரின்னு தலையாட்டினது யாரு?"

புலவர் யோசித்தார். ஏதோ ஒரு சாயங்காலம், மஞ்சள் வெயிலில், யாரோ எதையோ முகத்துக்கு நேரே நீட்டியது போலவும் தான் தலையாட்டியது போலவும் மங்கலாக ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் அவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். காரணம் வீட்டில் இருந்தது. பிறந்து சில மாதங்களே ஆன மகள் பகலெல்லாம் பரம சாதுவாகத் தூங்கிவிட்டு, ஊர் அடங்கியதும் கச்சேரியைத் தொடங்கிவிடுவாள். பட்டறையும் தெருவும் பேருந்தும் கொஞ்ச நாளாக அவருக்குத் தண்ணீருக்கு அடியில் தெரிவது போலத்தான் தெரிந்தன.

"நான்தாம்மா," என்றார் தீனமாக.

"வாங்குற கம்பெனி மேடம் இப்ப வந்துடுவாங்க. சரக்கு வேண்டாம்னு சொல்லிட்டா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். மூடுறதுக்கு முன்னாடி உங்க சீட்டைக் கிழிச்சுட்டுத்தான் மூடுவேன், சொல்லிட்டேன்."

புலவருக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. குழந்தைக்காக மனைவி வேலையை விட்டிருந்தாள். இவர் சம்பளத்தில்தான் மூன்று பேரின் காலமும் ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

அந்த நேரம் பார்த்து அச்சுக்காரர் உள்ளே வந்தார். பட்டறையின் பொம்மை முகங்கள் எல்லாம் அவர் கைவேலை. அன்று காலைதான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். ஒரு கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே கூடாது என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

"வாங்கண்ணே! போர்க்களத்துல இருந்து நேரா வந்தவன் மூஞ்சி மாதிரி வேணும்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

அச்சுக்காரர் பலமாகத் தலையை ஆட்டினார்.

"அப்புறம் நம்ம பழைய தூங்கு பாப்பா அச்சு எப்படி இதுல கலந்துச்சு?"

அச்சுக்காரர் அதைவிடப் பலமாகத் தலையை மறுத்து ஆட்டினார். "ம்ம்! ம்ம்ம்!"

"புரியலண்ணே. எழுதிக் காட்டுங்க."

அச்சுக்காரருக்கு எழுத்தில் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனால்கூடப் படம் போட்டுத்தான் எடுத்துப்போவார். காகிதத்தை இழுத்து, மூடிய கண்ணும் பாதி திறந்த வாயுமாகத் தத்ரூபமாக ஒரு முகத்தை வரைந்து நீட்டினார்.

"இதுதான் பொம்மை, அதான் தெரியுமே!" என்று முதலாளியம்மா காகிதத்தைக் கசக்கினார்.

அச்சுக்காரர் பொறுமையிழந்து புலவரை நோக்கி விரலை நீட்டினார்.

"ஆமா, தலையாட்டினது இவர்தான். அதுவும் தெரியும். நீங்க போய் உக்காருங்கண்ணே, வீக்கம் கூடிடப் போகுது."

வாயில் பஞ்சோடு வந்துகூடத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறாரே என்று புலவருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் பெட்டியில் எழுதுகிற கை சும்மா இருக்குமா? 'உறுமர்களின் இமைகள் கண்ணாடி போன்றவை. மூடிய கண்ணாலேயே எதிரியைக் காண்பர்!' என்று அடித்து, ஒட்டுத்தாளில் அச்செடுத்து, ஒரு பெட்டியின் முதுகில் ஒட்டினார்.

முதலாளியம்மா பெட்டியைத் திருப்பினார். முன்பக்கத்துப் படத்தில் உறுமன் தீப்பந்தம் போல இரண்டு கண்களையும் உருட்டி விழித்துக்கொண்டிருந்தான். முகம் செய்வதற்கு முன்பே அச்சடித்த பெட்டி அது.

"இது?"

"அது... அது சின்ன வயசு உறுமன். விவரம் தெரியாத வயசுல கண்ணைத் திறந்து வச்சிருப்பான். வீரனானதும் மூடிடுவான்."

"வாயில வந்ததையெல்லாம் அடிச்சு விடுறீங்களே! அந்த மேடம் லேசுப்பட்டவங்க இல்ல புலவரே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கார் வந்து நின்றது.

வந்த மேடம் மெலிந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். மாதிரிகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து, உறுமனைக் கையில் எடுத்து நிதானமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மதிய வெயில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கி அறையில் தேங்கி நின்றது. அலமாரிகளில் வரிசை வரிசையாக உறுமர்கள் தூங்கினார்கள். மூலையில் அச்சுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பொம்மைகளைப் பத்திக் குழந்தைங்க கேள்வி கேட்டு எழுதுவாங்க. பதில் இல்லாத பொம்மையை நாங்க வாங்கறதில்ல," என்றார் மேடம். "இவங்க ஏன் கண்ணை மூடியிருக்காங்க?"

புலவர் கண்ணாடி இமை கதையைச் சொன்னார். சிறுவயதுக் கதையையும் சொன்னார். மேடம் பொம்மையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கண்ணாடி மாதிரி தெரியலையே. தடிச்சுல்ல இருக்கு."

"தடிச்சுத்தான் மேடம் இருக்கும். நாளாக ஆகத் தடிச்சுடும். அப்புறம் பார்வை கிடையாது. மோப்பம்தான்."

மேசைக்கு அடியில் முதலாளியம்மாவின் கால் புலவரின் காலை மிதித்தது.

"மோப்பம்னு சொல்றீங்க. மூக்கு வலது பக்கமா ஒதுங்கிக் கிடக்கே?"

புலவர் அப்போதுதான் கவனித்தார். உண்மையிலேயே மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இந்தப் பாழாய்ப்போன அச்சில் இன்னும் என்னென்ன கோளாறு இருக்கிறதோ!

"வலது பக்கம் இருக்கிற எதிரியைத்தான் மோப்பம் பிடிக்க முடியும். அதனால படை கிளம்பினா வலது பக்கமாவே திரும்பித் திரும்பி வட்டமாத்தான் போகும்."

"எதிரிப்படை?"

"அவங்களும் உறுமர்தானே மேடம். அவங்களும் வட்டமாத்தான் போவாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே புலவருக்கு இமை கனத்தது. அறை மெல்ல விலகிப் போயிற்று. என்றைக்கும் அந்திப்பொழுதாகவே இருக்கும் ஒரு கிரகம் கண்ணுக்கு முன் விரிந்தது. நடுவில் ஒரு குன்று. அதைச் சுற்றி இரண்டு மாபெரும் படைகள், ஒன்றின் வாலை மற்றொன்று மோப்பம் பிடித்தபடி, சுற்றிக்கொண்டேயிருந்தன. கவசங்கள் உரசும் சத்தம் தூரத்தில் மழை பெய்வது போலக் கேட்டது. புழுதி பொன்னிறமாக எழுந்து மெதுவாக அடங்கியது. புலவரின் குரலும் அதோடு சேர்ந்து தணிந்தது.

"வருஷக்கணக்கா சுத்தினாங்க. அப்பனுக்கு அப்புறம் மகன் சுத்தினான். எதுக்குச் சண்டைன்னே மறந்துபோச்சு. கோபம் மட்டும் மறக்கல. ஆனா உறுமனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினா ரத்தம் குளிர்ந்துடும். தூக்கம் வந்துடும். ஒரு நாள் ரெண்டு படையும் நேருக்கு நேர் முட்டிக்கிச்சு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல பொல்லாத கோபம். அப்படியே ஆளாளுக்குச் சாஞ்சுட்டாங்க. எதிரி தோள்மேல எதிரி."

"யார் ஜெயிச்சது?"

"கடைசியா எழுந்திரிக்கிறவன்தான் ஜெயிச்சவன். முதல்ல எழுந்தவன் தோத்தவன். தோத்தவன் சத்தம் போடாம எழுந்து, மத்தவங்களுக்குப் போர்த்திவிட்டுட்டுப் போகணும். அதான் அவங்க போர் தர்மம்."

முதலாளியம்மா மிதிப்பதை நிறுத்தியிருந்தார். கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் மட்டும் அசரவில்லை. "வாய் ஓரத்துல ஒரு சொட்டு இருக்கே, அது என்ன?"

"விஷம்!" என்றார் புலவர், பழைய பெட்டி வாசகப் பழக்கத்தில்.

"குழந்தைங்க பொம்மையில விஷமா? இதை நான் எடுத்துட்டுப் போகவே முடியாது." மேடம் பொம்மையைக் கீழே வைத்துவிட்டார்.

போச்சு. காரியம் கெட்டது. முதலாளியம்மாவின் செருப்பு முழு பலத்தோடு இறங்கியது.

"ஆ! விஷம்னு எதிரிங்க கிளப்பிவிட்ட புரளி மேடம்! அது வெறும் எச்சில். அது விழுந்த இடத்துல புல் முளைக்கும். அந்தப் புல்மேல யாரும் சண்டை போடக் கூடாது. தூங்கித் தூங்கி, இப்ப அந்தக் கிரகத்துல பாதிக்கு மேல புல்தான்."

மேடம் பொம்மையை மறுபடி எடுத்தார். புலவருக்கு மூச்சு வந்தது.

"இடது கன்னம் தட்டையா இருக்கு. அதுல வரிசையா சின்னச் சின்னக் கட்டம்."

"ஒவ்வொரு கட்டமும் அவன் தூங்கி ஜெயிச்ச ஒரு போர்," என்றார் புலவர் யோசிக்காமல். மூலையிலிருந்து அச்சுக்காரர் "ம்ம்ம்!" என்று எழுந்து, தன் வீங்காத கன்னத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். "வலிக்குது போல, பாவம்," என்று முதலாளியம்மா அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி. இத்தனை பேரும் தூங்கிட்டா, இவங்களைப் பாத்துக்கறது யாரு? குழந்தைங்க முதல்ல இதைத்தான் கேப்பாங்க."

புலவர் வாயைத் திறந்தார். கற்பனை ஊற்று வற்றி, தரை தெரிந்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

அவருக்கு அன்று காலை ஞாபகம் வந்தது. இன்னும் சரியாக விடியாத ஜன்னல். கலைந்த தலையோடு, குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டு, மனைவி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். "நீங்க போய்க் கொஞ்சம் படுங்க. ஒருத்தராவது தூங்கணும்ல," என்றாள். இவர் போய்ப் படுத்துவிட்டார். அவளைத் தூங்கு என்று சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

"ஒருத்தி இருக்கா மேடம்," என்றார். "ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தி. அவ மட்டும் கண்ணை மூடவே மாட்டா. ஆயுதம் கிடையாது, கவசம் கிடையாது. நாலு கையாலயும் தூங்குறவங்களைத் தட்டிக் குடுத்துக்கிட்டே அந்தப் புல்வெளியில நடந்துட்டே இருப்பா. வீரனுங்க எல்லாம் தாங்கதான் போர் செய்யறோம்னு நெனச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. அவ ஒரு நாள் உக்காந்துட்டா உறுமர் இனமே இல்ல."

புலவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் பெட்டியை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அவ எங்க?"

"யாரு மேடம்?"

"அந்த முழிச்சிருக்கறவ. பெட்டியில காணோமே."

புலவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா கூரையைப் பார்த்தார்.

"அவ இல்லாம இவன் மட்டும் எதுக்கு? ஜோடியாக் குடுத்தா மொத்தச் சரக்கையும் எடுத்துக்கறேன். இல்லேன்னா ஒண்ணுகூட வேண்டாம்."

"குடுத்துடலாம் மேடம்! அடுத்த வாரமே குடுத்துடலாம்!" என்றார் முதலாளியம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் பிடித்தது போலும், புலவரை முறைத்தார். நல்ல முகம் கிடைக்காவிட்டால் சீட்டுக் கிழிவது உறுதி என்பது அந்த முறைப்பிலேயே இருந்தது.

"எனக்கு ஏனோதானோன்னு ஒரு முகம் வேண்டாம்," என்று மேடம் மூலையின் பக்கம் திரும்பினார். "தூங்காம தூங்காம, ஆனாலும் சிடுசிடுக்காம இருக்கற முகம் வேணும். அப்படிப்பட்ட ஒருத்தியை நேர்ல பாக்காம உங்களால எப்படிங்க செய்ய முடியும்?"

அச்சுக்காரர் எழுந்தார். பல் டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டு, பஞ்சை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"புலவரோட சம்சாரத்தை ஒரு நாள் வந்து உக்காரச் சொல்லுங்க, அச்சு அசலா செஞ்சுடலாம். போர்க்களத்துல இருந்து நேரா வந்த மூஞ்சி வேணும்னு அம்மா கேட்டப்போ, கீபோர்டு மேல கன்னத்தை வச்சுக் குறட்டை விட்டுட்டிருந்த இவரைப் பாத்துப் பாத்துத்தானே நான் உறுமனையே செஞ்சேன்!"